அலாரம் அடித்தால் யார் போவது?

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ இருக்கிறார்கள். வீடு பார்க்கிறவர் காலையில் வந்து முற்றம் கூட்டுவார். பின்னேரம் வந்து வெளி லைற்றைப் போட்டுவிட்டுப் போவார். மிச்ச நேரத்துக்கு மதில் மூலையில் ஒரு கமரா, மண்டபத்துக்குள் ஆள் அசைவைப் பிடிக்கும் கருவி, கூரை விளிம்பில் ஒரு சைறன். ஆட்கள் குடியிருக்கும் வீடுகளிலும் இப்போது இதே ஏற்பாடுதான். வாள்வெட்டுக் கும்பல்கள் இரவில் புகுந்து யன்னல் கண்ணாடியை உடைத்து, மோட்டார் சைக்கிளைக் கொளுத்திவிட்டுப் போன ஆண்டுகள் வலிகாமத்துக்குக் கமராவைப் பழக்கிவிட்டன.

களவு போன இரவில் அலாரம் அடிக்கவில்லை என்றால், அல்லது அடித்தும் ஒருவரும் வரவில்லை என்றால், யார் யாருக்குப் பதில் சொல்வது? இதைப் பற்றி விற்றவரும் வாங்கியவரும் ஒரு வரியாவது எழுதி வைத்திருப்பது குறைவு. வீட்டுக்காரருக்குத்தான் இதனால் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். சட்டங்களையும் வெளிநாட்டுத் தீர்ப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. எழுதாமல் விட்டதால் முதலில் மாட்டுப்படக்கூடியவர் கடைக்காரர்.

வழக்கமான ஒப்பந்தம் என்பது காபன் தாள் வைத்து எழுதிய ஒரு பில். நாலு கமரா, ஒரு பதிவுப் பெட்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், இத்தனை மீற்றர் வயர், பூட்டுகூலி, மொத்தம். அடியில் ‘ஒரு வருட உத்தரவாதம்’ என்று ஒரு முத்திரை. சில பில்களில் அதற்குப் பக்கத்திலேயே ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று சிறிய எழுத்தில் இருக்கும். இலங்கை முழுக்க எலெக்ட்ரோனிக் கடைகளில் ஊறிப்போன பழக்கம் அது. மின்னல் அடித்தால் இல்லை, எரிந்தால் இல்லை, உடைந்தால் இல்லை என்று பொருளைப் பற்றி இவ்வளவு கவனமாக எழுதுகிறவர்கள் வேலையைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை. சைறன் வேலை செய்கிறதா என்று எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது? பற்றறி செத்தால் மாற்றுவது யார்? போனுக்கு அறிவித்தல் வந்தால் அதைப் பார்க்கக் கடையில் இரவில் ஆள் உண்டா? பில் இதற்கெல்லாம் வாய் திறக்காது.

சட்டம் இதை ஒரே வியாபாரமாகப் பார்ப்பதில்லை. பெட்டியை விற்பதற்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, கடைக்காரரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்ற நிபந்தனையைப் பில்லில் இல்லாவிட்டாலும் அது உள்ளே வைத்துவிடும். பூட்டிக் கொடுப்பதும் பராமரிப்பதும் சேவை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவை வழங்குகிற வியாபாரி உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார் என்பது எழுதாமலே இருக்கும் வாக்குறுதி. மூன்றாவது வேலை கண்காணிப்பு. இரவு இரண்டு மணிக்கு வரும் சமிக்ஞையைப் பார்த்து, உரியவருக்கு உடனே சொல்வது. வெளிநாடுகளில் பெரிய வழக்குகள் எழுந்தது இந்த மூன்றாவது வேலையில்தான்.

மாதக் கட்டணம் வாங்கும் பெரிய நிறுவனங்கள் இதைத் தனிச் சேவையாக விற்கின்றன. எங்கள் பக்கத்துச் சிறு கடையோ விலை போடாமலே இதை விற்றுவிடுகிறது. ‘அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, ஏதும் எண்டால் நாங்கள் பாத்துச் சொல்லுவம்.’ வியாபாரம் முடிகிற நேரத்தில் நல்ல மனதோடு சொல்லப்படும் இந்த வசனத்துக்குச் சட்டத்தில் பாரம் உண்டு. ஆங்கிலச் சட்டம் ஒரு வாக்குக் கட்டுப்படுத்துவதற்குக் கைம்மாறு கேட்கும். இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடித்தளமான உரோம-டச்சுச் சட்டம் அதைக் கேட்பதில்லை. மனமறிந்து, நியாயமான காரணத்தோடு கொடுத்த வாக்கு போதும். 1918இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில் பிரிவிக் கவுன்சிலே இதை ஏற்றுக்கொண்டது. ஆகவே, ‘காசு வாங்காமல் சும்மா சொன்னது’ என்ற பதில் கடைக்காரருக்குக் கைகொடுக்கும் என்று நம்பி இருக்கக்கூடாது.

பெரிய நிறுவனங்கள் இந்த ஆபத்தை எப்படிக் கையாளுகின்றன என்று பார்க்க அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் போக வேண்டும். அங்கே அலாரம் நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்: ‘நாங்கள் காப்புறுதிக் கம்பனி அல்ல; எங்கள் பொறுப்பு இந்தத் தொகைக்கு மேல் போகாது.’ 1953இல் கலிபோர்னியா உயர்நீதிமன்றத்தில் முடிந்த பெற்றர் பூட் மார்க்கெற்ஸ் வழக்கு இதற்குப் பழைய உதாரணம். உணவுக் கடையொன்றுக்குள் கள்ளர் புகுந்தார்கள். சமிக்ஞை கண்காணிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் நிறுவனம் பொலிசுக்கு உரிய நேரத்தில் அறிவிக்கவில்லை என்பது கடைக்காரரின் முறைப்பாடு. போனது சுமார் 36,000 டொலர். ஒப்பந்தத்தில் இருந்த உச்சத் தொகையோ 50 டொலர். நீதிமன்றம் அந்த 50 டொலரை ஏற்றுக்கொண்டது. நிறுவனம் வேகமாக அறிவித்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாராலும் கணக்கிட முடியாது, அப்படியான இடத்தில் முன்கூட்டியே ஒரு தொகையைப் பேசி வைப்பது பிழையில்லை என்பது அதன் நியாயம்.

பிரித்தானியாவின் போட்டோ புரொடக்‌ஷன் எதிர் செக்கியூரிக்கோர் வழக்கு இன்னும் கசப்பானது. கென்ற் பகுதியின் ஜில்லிங்காமில் ஒரு தொழிற்சாலைக்குச் செக்கியூரிக்கோர் நிறுவனம் இரவுக் காவலுக்கு அனுப்பியவரே உள்ளே ஒரு சிறு தீயை மூட்டினார். அது பரவித் தொழிற்சாலையை அழித்தது. இழப்பு 615,000 பவுண். தொழிற்சாலை காவலுக்குக் கொடுத்து வந்ததோ வாரத்துக்கு 8 பவுண் 15 சிலிங். 1980இல் பிரபுக்கள் சபை விலக்கு வாசகத்தை ஏற்று நிறுவனத்தை விடுவித்தது. இரண்டு பக்கமும் சமபலமுள்ள வியாபாரிகள், காப்புறுதி யார் எடுப்பது என்பதைத் தங்களுக்குள் பேசிப் பங்கிட்டுக்கொண்டார்கள், நீதிமன்றம் அதைக் குலைக்கத் தேவையில்லை என்றார்கள் நீதிபதிகள். வாரம் 8 பவுணுக்கு ஒரு தொழிற்சாலையின் முழுப் பெறுமதிக்கும் யாராவது பிணை நிற்பார்களா என்ற கேள்வி அந்தத் தீர்ப்புக்குள் இருக்கிறது. இந்த முடிவை முதலில் படிப்பவருக்குக் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கணக்கை நியாயமாக மறுப்பதும் கடினம்.

அதற்குப் பிறகு அதே காவல் நிறுவனம் சம்பந்தப்பட்ட அயில்சா கிறெய்க் வழக்கு வந்தது. அபர்டீன் துறைமுகத்தில் 1971ஆம் ஆண்டின் கடைசி இரவில் மீன்பிடிப் படகுகள் மூழ்கிய சம்பவம் அது. அங்கே ஒப்பந்தம் பொறுப்பை முற்றாக விலக்கவில்லை, 1,000 பவுணுக்கு மட்டுப்படுத்தியது. ‘ஒன்றுக்கும் பொறுப்பில்லை’ என்பதைப் பார்ப்பதுபோல ‘இவ்வளவுக்கு மட்டும் பொறுப்பு’ என்பதை அத்தனை பகையோடு பார்க்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். வாசகம் எழுதப் போகும் எந்தக் கடைக்காரரும் மனதில் வைக்க வேண்டிய வேறுபாடு இது. முழு மறுப்பை விட ஒரு நியாயமான உச்சவரம்பு நிலைக்க வாய்ப்பு அதிகம்.

உச்சவரம்பும் எல்லாவற்றையும் மூடிவிடாது. 1985இல் நியூயோர்க் மன்ஹற்றனில் உயர்ந்த கட்டடம் ஒன்றின் பொறியியலாளர், நிறுத்தி வைத்த தீ அலாரச் சேவையைத் திரும்ப இயக்கச் சொல்லிக் கண்காணிப்பு நிலையத்துக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் இருந்தவர் அதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டார். பிறகு அந்தக் கட்டடத்திலிருந்து தீச் சமிக்ஞைகள் வந்தபோது அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கட்டடம் எரிந்தது. 1992இல் சொமர் எதிர் பெடரல் சிக்னல் வழக்கில் நியூயோர்க்கின் உச்ச மேன்முறையீட்டு மன்றம், சாதாரணக் கவனக்குறைவுக்கு ஒப்பந்த வாசகம் நிழல் தரலாம், பாரதூரமான அலட்சியத்துக்குத் தர முடியாது என்றது. ஒரு போன் அழைப்பில் ஒரு ஆள் ‘இயக்கு’ என்பதை ‘நிறுத்து’ என்று விளங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைக் காட்டும் வழக்கு அது. வெளிநாட்டில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பி, இங்கே கடைப்பொடியன் அதை அவசரத்தில் கேட்டு அலாரத்தை நிறுத்தும் எங்கள் நடைமுறையில் இது எந்த நாளும் நடக்கலாம்.

இலங்கையில் நீதிமன்றம் எந்தப் பக்கம் சாயும்? இதற்கு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. பிரித்தானியாவின் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. ஜில்லிங்காம் தீ அந்தப் பிரித்தானியச் சட்டத்துக்கு முந்தியது என்பதையும் மறக்கக்கூடாது. இலங்கைச் சட்டத்தின் சாரம் இது: கவனக்குறைவால் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ அந்தப் பொறுப்பை எந்த வாசகத்தாலும் தட்டிக் கழிக்க முடியாது. பொருள் இழப்பு, பண இழப்பு என்றால் தட்டிக் கழிக்கும் வாசகம் நியாயமானதாக இருக்க வேண்டும். நியாயத்தை அளக்கும்போது இரு தரப்பின் பேரம் பேசும் பலம், அந்த வாசகம் இருப்பது வாங்குபவருக்குத் தெரிந்திருந்ததா என்பவற்றை மன்றம் பார்க்கும்.

இந்த அளவுகோலைச் சண்டிலிப்பாயில் வைத்துப் பாருங்கள். எழுபது வயதுத் தாய் ஒருவரிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு பக்கத்தை நீட்டி, ‘அம்மா, இதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ’ என்று வாங்குகிறார்கள். கையெழுத்திட்டவர் கட்டுப்படுவார் என்பதுதான் பொது விதி. ஆனால் அவருக்குத் தெரியாத மொழியில், விளக்கிச் சொல்லாமல் வாங்கிய விலக்கு வாசகம் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்னால் எவ்வளவு தாங்கும்? நிறுவனத்தின் சட்டத்தரணி கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. தனியார் ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும் என்று அதனால் வந்துவிடாது. ஆனாலும் தமிழில் எழுதினால் பலன் முதலில் நிறுவனத்துக்குத்தான். ‘வாசித்தார், விளங்கினார்’ என்று பிறகு சொல்ல அதற்கு ஒரு தளம் கிடைக்கும்.

உச்சவரம்பு எவ்வளவு இருந்தால் நியாயம்? இந்தியாவில் வங்கி லொக்கர் பற்றி நடந்தது நல்ல வழிகாட்டி. லொக்கருக்குள் இருப்பது எங்களுக்குத் தெரியாது, ஆகவே பொறுப்பில்லை என்று வங்கிகள் ஆண்டாண்டு காலமாகச் சொல்லி வந்தன. 2021 பெப்ரவரியில் அமிதாப தாஸ்குப்தா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்து, விதி செய்யும்படி ரிசேர்வ் வங்கிக்குப் பணித்தது. 2022 ஜனவரி 1 முதல், தீ, களவு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு லொக்கரின் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. முழுப் பெறுமதியும் இல்லை, 50 டொலரும் இல்லை. கட்டணத்தோடு கட்டிப்போட்ட ஒரு மடங்கு. அலாரம் நிறுவனங்களுக்கும் இந்த வழி பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். மாதம் ஆயிரம் ரூபா வாங்குபவர் வீட்டு நகை முழுவதற்கும் பொறுப்பு நிற்க மாட்டார். ஆனால் மூன்று மாதக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் கையைக் கழுவுவதும் நியாயமாகாது.

இனி முதலில் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். மட்டுப்படுத்தும் வாசகம் எழுத்தில் இருந்தால்தான் அதைப் பற்றி வாதாட முடியும். பில் மட்டும் எழுதும் கடைக்காரருக்கு எந்த உச்சவரம்பும் இல்லை. அவர் பூட்டிய கருவி அவருடைய கவனக்குறைவால் வேலை செய்யவில்லை என்று நிரூபிக்கப்பட்டு, அதனால்தான் இழப்பு வந்தது என்றும் காட்டப்பட்டால், பொதுச் சட்டத்தின்படி முழு இழப்பும் அவர் தலையில் இறங்கலாம். பன்னிரண்டாயிரம் ரூபாக் கூலிக்குச் செய்த வேலைக்கு முப்பது பவுண் நகை. காரணத் தொடர்பை நிரூபிப்பது கடினம் என்பது உண்மை. அந்தக் கடினத்தை மட்டும் நம்பி ஒரு தொழிலை நடத்துவது எப்படி?

காலக்கெடுவும் எழுத்தைப் பொறுத்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு வழக்கு வைக்க ஆறு ஆண்டு, எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு, கவனக்குறைவால் வந்த தீங்குக்கு இரண்டு ஆண்டு. கோடை விடுமுறைக்கு மூன்று, நாலு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருகிற ஒருவர், களவு போன செய்தியைப் போனில் கேட்டு, ‘வந்து பாக்கிறன்’ என்று விட்டுவிட்டால், வந்து பார்க்கும்போது கதவு மூடியிருக்கும்.

அடுத்த சிக்கல் யார் ஒப்பந்தக்காரர் என்பது. வீடு பெரும்பாலும் சீதனமாக மனைவி பெயரில் இருக்கும். காசு அனுப்புபவர் கனடாவில் இருக்கும் தமையன். கடைக்குப் போய்ப் பேசியவர் மச்சான். வீட்டில் இருப்பவர்கள் தாயும் தகப்பனும். பில்லில் எழுதிய பெயர் வீடு பார்க்கிறவருடையது. களவு போனால் கடைக்காரர் யாருக்குக் கடமைப்பட்டவர்? மூன்றாமவர் நன்மைக்காக இருவர் செய்யும் ஒப்பந்தத்தை உரோம-டச்சுச் சட்டம் ஏற்கிறது. நன்மை பெறுபவர் அதை ஏற்றுக்கொண்டால் தானே உரிமை கோரலாம். பெற்றோருக்காக மகன் செய்த ஏற்பாட்டை இந்த வழியால் காப்பாற்ற முடியும். ஆனால் யாருக்காகச் செய்தது என்பது எழுத்தில் இருந்தால்தான் அதற்கு உயிர் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்திடுவதாக இருந்தால், பதிவு செய்த அற்றோணித் தத்துவம் கையில் இருப்பது நல்லது. காணி விற்பதற்கு அதைக் கேட்டு வாங்கும் எங்கள் சனம், காணியில் உள்ள வீட்டைக் காப்பதற்கு ஒரு கடிதம்கூட எழுதுவதில்லை.

கோயில்களில் இது இன்னும் சிக்கல். சீரணி நாகபூசணி அம்மன், கல்வளைப் பிள்ளையார் போன்ற பெயர்பெற்ற கோயில்கள் உள்ள ஊர் இது. சிறு கோயில்களோ ஒழுங்கைக்கு ஒன்று. திருவிழாவுக்கு முன் சபைச் செயலாளர் கமராவுக்கு ஓடர் கொடுப்பார். அடுத்த பொதுக்கூட்டத்தில் சபை மாறும். பதிவு செய்யாத சபைக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற நிலை இல்லை. கையெழுத்திட்டவரே தனிப்பட மாட்டுப்படலாம், அல்லது அம்மனின் நகை போன பிறகு வழக்கு வைக்கவே உரிய ஆள் இல்லாமல் போகலாம். கூட்டுறவுக் கிராமிய வங்கியில் நகை அடகு வைத்தவரின் நிலையும் ஏறக்குறைய இப்படித்தான். வங்கிக்கும் அலாரம் நிறுவனத்துக்கும் இடையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்க வேண்டியது வங்கியிடம். அடகு பிடித்தவர் பொருளைக் கவனமாகக் காக்கக் கடமைப்பட்டவர்.

அலாரம் அடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். யார் போவது? மானிப்பாய்ப் பொலிசுக்கும் அலாரம் கடைக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் இல்லை. 119க்கு அடிக்கலாம், நிலையத்துக்கு நேரே அடிக்கலாம். இரவுக் கடமையில் எத்தனை பேர், வாகனம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது மிச்சம். பிரித்தானியாவில் பொலிசார் அலாரத்துக்கு வர வேண்டுமென்றால் அந்த அலாரம் தரச் சான்று பெற்ற நிறுவனத்தால் பூட்டப்பட்டு, பொலிசிடம் தனி இலக்கம் பெற்றிருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று பொய் அழைப்பு வந்தால் அந்தச் சேவையை நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவின் சோல்ற் லேக் நகரம் 2000ஆம் ஆண்டிலேயே, யாராவது நேரில் பார்த்து உறுதி செய்யாத களவு அலாரத்துக்குப் பொலிசை அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தது. அங்கே அலாரங்களில் மிகப் பெரும்பாலானவை பொய்யாக அடித்தவை என்பதே காரணம். எங்களிடம் பூனையும் வௌவாலும் காற்றில் ஆடும் தென்னோலையும் அதே வேலையைச் செய்கின்றன. இரண்டு முறை சும்மா அடித்தால் மூன்றாவது முறை அயலவர் எழும்ப மாட்டார்.

ஆகவே, ‘பொலிசுக்கு அறிவிப்போம்’ என்று எழுதும் கடைக்காரர், எத்தனை நிமிடத்துக்குள், எந்த இலக்கத்துக்கு, எத்தனை தரம் முயல்வோம் என்று எழுத வேண்டும். ‘பொலிசார் வருவார்கள்’ என்று ஒருபோதும் எழுதக்கூடாது. தன் கையில் இல்லாததை அவர் விற்க முடியாது. வீடு பார்க்கிறவருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். வாளோடு நிற்கும் கும்பலுக்குள் டோர்ச் லைற்றோடு போகச் சொல்லி மாதம் சில ஆயிரம் ரூபா வாங்கும் ஒரு மனிதரை அனுப்ப யாருக்கும் உரிமையில்லை. அவர் போய்க் காயப்பட்டால் அது யாருடைய பொறுப்பு என்ற கேள்வி, நகையைப் பற்றிய கேள்வியை விடப் பாரமானது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வாசகத்தாலும் தட்டிக் கழிக்க விடாத பொறுப்பும் இந்த வகைதான்.

கமரா வந்ததும் இன்னொரு கேள்வியும் வந்தது. மதில் மூலையில் இருக்கும் கமரா ஒழுங்கையையும் முன்வீட்டு முற்றத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. கிணற்றடியில் குளிப்பவர்கள் உள்ள ஊர் இது. செக் நாட்டில் றைனெஷ் என்பவரின் வீட்டு யன்னலை 2007இல் இரவில் கவண் அடித்து உடைத்தார்கள். அவர் முன்னமே பூட்டியிருந்த கமரா அதைப் பிடித்தது, ஆட்களும் அகப்பட்டார்கள். ஆனால் அந்தக் கமரா பொதுவீதியையும் எதிர்வீட்டு வாசலையும் பிடித்ததால், அது வெறும் வீட்டுத் தேவை ஆகாது, தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 2014 டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. அவருக்கு அனுதாபம் வராமல் இராது. ஆனாலும் எதிர்வீட்டுக்காரரின் வாசல் அவருடையது இல்லை.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் முற்றிலும் வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டை விலக்கி வைக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து தள்ளிப்போயின. அது முழுமையாக வரும் நாளில், வீட்டுக்காரர் விலக்குக்குள் நின்றாலும், வாடிக்கையாளர்களின் படங்களைத் தன் கணினியில் வைத்திருக்கும் நிறுவனம் அப்படித் தப்ப முடியாது.

கடவுச்சொல் பற்றிச் சொல்லாமல் இதை விட முடியாது. அமெரிக்காவில் ஏடிரி என்ற அலாரம் நிறுவனத்தின் தொழில்நுட்பர் ஒருவர், கமரா பூட்டப் போன வீடுகளின் கணக்குகளில் தன்னுடைய மின்னஞ்சலையும் சேர்த்துவிட்டு, ஆண்டுக்கணக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தார். பெண்களின் அந்தரங்கத்தைப் பார்ப்பதே அவருடைய நோக்கம். 2021இல் அவருக்கு 52 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. எங்கள் ஊரில் அவ்வளவு தந்திரமே தேவையில்லை. பூட்ட வந்த பொடியன் தானே கணக்குத் திறந்து, தானே கடவுச்சொல் போட்டு, அதைத் தன் போனிலேயே வைத்துக்கொண்டு போகிறார். பெரும்பாலும் உதவும் எண்ணத்தில்தான். அவர் வேலை மாறிப் போன பிறகும் அந்த வீட்டு மண்டபம் அவர் சட்டைப் பைக்குள் இருக்கிறது. சில இடங்களில் அலாரத்துக்குள் இருக்கும் சிம்கூட அவருடைய அடையாள அட்டையில் பதிந்தது. பூட்டி முடிந்த அன்றே வீட்டுக்காரர் முன்னால் கடவுச்சொல்லை மாற்றி, மாற்றியதாக இருவரும் கையெழுத்திடுவது ஐந்து நிமிட வேலை.

பிடித்த படம் நீதிமன்றத்தில் செல்லுமா? 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியம் (சிறப்பேற்பாடுகள்) சட்டம் சமகாலப் பதிவுகளையும் கணினிச் சாட்சியத்தையும் ஏற்கிறது. ஆனால் விசாரணைத் திகதிக்கு 45 நாளுக்கு முன்னதாக மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுத்து, பரிசோதிக்க இடமளிக்க வேண்டும். பதிவுப் பெட்டி பழைய படங்களைச் சில வாரத்தில் தானே அழித்து மேலே எழுதும். சம்பவம் நடந்தவுடன் படத்தை எடுத்துப் பத்திரப்படுத்துவது யார் வேலை, அதற்குக் கூலி உண்டா, மல்லாகம் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்ல அந்தத் தொழில்நுட்பர் கடமைப்பட்டவரா? இதுவும் பில்லில் இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பொலிசிடம் கொடுத்தால், வழக்கு முடியும்வரை வீட்டுக்கு வேறு டிஸ்க் யார் போடுவது என்பதும் இல்லை.

கறண்ட் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. சிறிய பற்றறியோடு விற்ற அலாரங்கள் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று எழுதியிருந்தால் பலருக்கு அன்றே உண்மை தெரிந்திருக்கும். அதே ஆண்டு அமெரிக்காவில் ஏரி அன்ட் ரி நிறுவனம் த்ரீஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த அலாரங்கள் ஊமையாகும் நிலை வந்தது. தொலைபேசி நிறுவனம் தொழில்நுட்பத்தை மாற்றினால் புதுக் கருவிக்கான செலவு யாருடையது என்பதும் முன்கூட்டியே பேச வேண்டியது. வானலையில் இயங்கும் கருவிகளுக்கும் அவற்றை விற்பவருக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். சூட்கேசில் கொண்டுவந்த கருவிகளுக்கு அது இருப்பதில்லை.

பதிவு பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்ததை வைத்து ‘அரசாங்கப் பதிவு பெற்ற பாதுகாப்பு நிறுவனம்’ என்று பலகை எழுதுவது சரியில்லை. பாதுகாப்புச் சேவை வழங்கும் முகவரகங்கள் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு அமைச்சில் பதிய வேண்டும். கமரா மட்டும் விற்கும் கடைக்காரர், நாளைக்கு இரண்டு பேரை மோட்டார் சைக்கிளில் இரவுச் சுற்றுக்கு அனுப்பத் தொடங்கினால், அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்த பிறகு அனுப்பட்டும்.

தகராறு வந்தால் உடனே மாவட்ட நீதிமன்றம் என்று ஓடத் தேவையில்லை. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். ஊர் ஆட்கள் முன்னால் தமிழில் பேசித் தீர்க்கும் இடம் அது. இந்த வகைப் பிணக்குக்கு அதுவே பொருத்தமான இடம் என்பது என் எண்ணம். ஆனால் கொழும்பு நிறுவனங்களின் அச்சடித்த ஒப்பந்தத்தில் ‘கொழும்பு நீதிமன்றங்களுக்கு மட்டுமே நியாயாதிக்கம்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எண்பதாயிரம் ரூபாப் பிணக்குக்காகக் கொழும்புக்கு நாலு தவணை போய் வருபவர் வெல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

காப்புறுதி எடுத்திருப்பவர்கள் தங்கள் பத்திரத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அலாரம் இயங்கு நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கலாம். காப்புறுதி நிறுவனம் இழப்பைக் கொடுத்துவிட்டு, உங்கள் இடத்தில் நின்று அலாரம் கடைக்காரரைப் பிடிக்கவும் சட்டம் விடுகிறது. அதனால்தான் வெளிநாட்டு அலாரம் ஒப்பந்தங்கள் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லி எழுதி வாங்குகின்றன.

வேண்டியது ஒரு பக்கம். தமிழில், பெரிய எழுத்தில். யாருக்காக இந்த ஏற்பாடு, வீடு யாருடையது, கையெழுத்திடுபவர் யார் சார்பில் என்று முதல் வரிகள். பிறகு, கடை கண்காணிக்கிறதா இல்லையா என்று ஒரு சொல்லில் ஒரு விடை. இல்லை என்றால் ‘இல்லை’ என்று தெளிவாக எழுதட்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆம் என்றால் எந்த நேரத்தில், யார், எத்தனை நிமிடத்துக்குள், யாரை அழைப்பார்கள், முதலாமவர் எடுக்காவிட்டால் இரண்டாமவர் யார். பற்றறி எத்தனை மணித்தியாலம், சோதனை எந்த மாதங்களில். கடவுச்சொல் கைமாறிய திகதி. இழப்பு வந்தால் கடையின் பொறுப்பு எவ்வளவு வரை, அதற்கு மேல் வேண்டுமானால் எவ்வளவு கூடுதல் கட்டணம். அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் தனியாக ஒரு சிறு கையெழுத்து. வாசித்தார் என்பதற்கு நீதிமன்றம் முதலில் தேடுவது அதைத்தான். வெளிநாட்டில் இருப்பவருக்கு இதைப் படம் எடுத்து அனுப்பி, ‘சம்மதம்’ என்று பதில் வாங்கி வைத்தாலும் போதும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அந்தப் பதிலை, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும், செல்லாது என்று தள்ளாது.